விட முடியாத மூச்சு

எங்கள் லயத்திலிருந்து, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ரோட்டுக்கு ஏற 36 படி. 2021 மழைக்காலம் முடிந்த சமயத்தில் அம்மா அந்தப் படிகளில் இடையிடையே நிற்க ஆரம்பித்தாள். முதலில் 20-ஆவது படியில் ஒரு தடவை. அப்புறம் 12-லேயே. கேட்டால் "முழங்கால் நோவுது" என்பாள், நானும் நம்பினேன். ஒரு நாள் அவளுக்குப் பின்னாலேயே ஏறினேன். பக்கச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தோளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கழுத்துத் தசை கயிறாகப் புடைத்திருந்தது. காறையெலும்புக்கு மேலே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வெளியே வந்தது. முழங்கால் வலிக்கு யாரும் தோளைத் தூக்க மாட்டார்கள்.

கேரளத்து வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் 38 வருஷம் கொழுந்து எடுத்தவள் அம்மா. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. வெற்றிலை மட்டும் உண்டு. தம்பி அதே எஸ்டேட்டில் வேலை பார்ப்பதால் லயத்து வீடு இன்னும் எங்களிடம் இருக்கிறது. நான் பீர்மேடு தாலுகாவில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் அறிவியல் டீச்சர். சுவாச மண்டலம் பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறவள். அப்படி இருந்தும் அம்மாவின் மூச்சு என்னவென்று புரிய எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. இதே லயங்களிலும் மலைக்கு அந்தப் பக்கம் கம்பம், போடி ஊர்களிலும் இன்னும் எத்தனையோ அம்மாக்கள் "வயசாச்சு, இளைக்குது" என்று சொல்லிக்கொண்டு படியில் நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஒன்றரை வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு கிளினிக்கில் காஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த இடத்தில் இசிஜி எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது, வயசுதான் என்றார்கள். மார்கழிப் பனியில் ரொம்ப முடியாமல் போனால் நெபுலைசர் வைப்பார்கள்; இரண்டு நாள் தேவலாம் போல இருக்கும். பிறகு ஒரு மருத்துவ முகாமில் ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தார்கள். வரிசை நீளம், அவசரம். எப்படி ஊத வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கூட்டத்துக்கு நடுவே வாயைத் திறந்து ஊத அம்மாவுக்குக் கூச்சம் வேறு. நுரையீரல் சுருங்கியிருக்கிறது என்று தாளில் எழுதித் தந்தார்கள்.

சுருங்கியிருக்கிறது என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: மூன்று பந்துக் கருவி. கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தார்களே, அதுதான். மதினி அவள் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நல்லா இழுத்து இழுத்துப் பழகுங்கத்தே, நுரையீரல் விரியும்" என்றாள், நல்ல மனதோடுதான். அம்மா இழுத்தாள். இரண்டு பந்து ஏறியது. அவ்வளவுதான், கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இழுக்கத்தான் முடியலைங்கிறேன், அதையே செய்யச் சொல்றீங்களே" என்று கோபமாகச் சொன்னாள்.

இந்த மாதிரி மூச்சுத்திணறலுக்கு நம் ஊரில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். தமிழில் இழுப்பு, மலையாளத்தில் வலிவு, அதற்கும் இழுத்தல் என்றுதான் அர்த்தம். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குற்றம் இழுப்பதில்தான் என்று முடிவு கட்டியிருக்கிறோம். ஆனால் சுவாசிப்பதை நாம் சாதாரணமாக 'மூச்சு விடுவது' என்றுதானே சொல்கிறோம்? அம்மாவின் கோளாறு அந்த விடுவதில் இருந்தது. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. அதனால்தான் புதுக்காற்று உள்ளே போக இடமில்லை. எங்களுக்கு இது தெரிந்தது தேனிப் பக்கம் ஒரு நுரையீரல் டாக்டரிடம் போன பிறகுதான்.

குமுளி மலை இறங்கி, லோயர் கேம்ப்பில் அந்த ராட்சதக் குழாய்களைத் தாண்டிப் போனோம். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் வந்து, அந்தக் குழாய்களில் இறங்கி, மின்சாரமாகிக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிற இடம் அது. டாக்டர் கம்பத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "அம்மா, முல்லைப்பெரியாறு அணையில எத்தனை அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம்?" என்று கேட்டார். "142" என்றாள் அம்மா உடனே. 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அந்த எண் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. "சரி, எத்தனை அடிக்குக் கீழ போனா நமக்குத் தண்ணி வராது?" "104." சுரங்க வாய் அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் இந்தப் பக்கத்து வயலுக்கு வராது.

"நெஞ்சுக்குள்ளயும் அப்படி ஒரு 104 இருக்கும்மா" என்றார் டாக்டர். எவ்வளவு ஊதினாலும் நுரையீரலில் கொஞ்சம் காற்று மிச்சம் நிற்கும். பாடப்புத்தகத்தில் அதற்கு எஞ்சிய கொள்ளளவு என்று பெயர். நல்ல ஆரோக்கியமான ஆணுக்கு நுரையீரலின் மொத்தக் கொள்ளளவு சுமார் 6 லிட்டர், அதில் வெளியே வராத மிச்சம் ஏறக்குறைய 1.2 லிட்டர். பெண்களுக்கு எல்லாமே கொஞ்சம் குறைவு. அந்த மிச்சம் வீண் அல்ல. அது இருப்பதால்தான் ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றறைகள் ஒட்டிப்போகாமல் இருக்கின்றன. மிச்சத்துக்கு மேலே, முழுக்க இழுத்து முழுக்க விடும் அளவுதான் உயிர்ப்புத்திறன், அதாவது 104-க்கும் 142-க்கும் நடுவில் இருக்கும் தண்ணீர். அம்மாவின் நெஞ்சில் சுரங்க வாய் 104-லிருந்து 125, 130 என்று மேலே ஏறிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அணை நிறைந்துதான் நிற்கிறது. எடுக்கிற தண்ணீர்தான் இல்லை.

திரும்பி வரும்போது ஜீப்பில் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "நெறஞ்சு கெடக்குன்னு இத்தன நாளா யாரும் சொல்லலையே."

அன்றைக்கு அங்கே எடுத்த டெஸ்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகாமில் நடந்த தப்பு அதில்தான். கருவியின் பெயர் ஸ்பைரோமீட்டர். ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய டாக்டர் 1846-இல் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து, உயரம் கூடக் கூட உயிர்ப்புத்திறனும் கூடுகிறது என்று கண்டவர் அவர். அதனால்தான் டெஸ்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் அளக்கிறார்கள். வயதும் ஆணா பெண்ணா என்பதும் கணக்கில் சேரும். இந்த மூன்றில் எதைத் தப்பாகப் போட்டாலும் ரிசல்ட்டும் தப்புதான். அம்மா 148 சென்டிமீட்டர். முகாம் தாளில் 158 என்று இருந்ததை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

டெஸ்ட் எடுத்த பெண்ணுக்கு 25 வயது இருக்கும். "அம்மாச்சி, வெத்தலையத் துப்பிட்டு வாங்க, சேலைக் கட்ட லேசாத் தளர்த்திக்கங்க" என்றாள். மூக்கில் கிளிப் போட்டாள். குழாயைச் சுற்றி உதடு இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். ஓரத்தில் கசிந்தால் அந்தக் காற்று கணக்கில் வராது. முதலில் அவளே ஊதிக் காட்டினாள். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் வெடித்த மாதிரி ஊதி, அதோடு நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் முறை வந்தபோது பக்கத்தில் நின்று "இழுங்க இழுங்க இழுங்க... ஊதுங்க! விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்" என்று அறையே அதிரக் கத்தினாள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அம்மா இரண்டாவது நொடியிலேயே நிறுத்தியிருப்பாள். ஆறு நொடியாவது ஊத வேண்டும். ஒத்துப்போகிற மாதிரி மூன்று தடவை சரியாக வர வேண்டும். அம்மாவுக்கு ஐந்து தடவை ஆனது. பாதியில் நிறுத்தினால் கொள்ளளவு குறைவாகக் காட்டும். அதைத்தான் முகாமில் சுருங்கியிருக்கிறது என்று எழுதிவிட்டார்கள்.

நல்ல நுரையீரல் தன் காற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கை, இன்னும் சொன்னால் எண்பது சதவீதத்தை, முதல் நொடியிலேயே வெளியே தள்ளிவிடும். வயதாக ஆக இது கொஞ்சம் குறையும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைத்தார்கள். அம்மா மொத்தம் ஊதியது 1.76 லிட்டர், அதில் முதல் நொடியில் வந்தது 0.92. பாதிக்குக் கொஞ்சம் மேலே. மருந்துக்குப் பிறகும் இந்த விகிதம் 0.70-க்குக் கீழே நின்றால் மூச்சுக்குழாயில் நிரந்தர அடைப்பு, சி.ஓ.பி.டி. என்று சொல்வார்கள். ஆஸ்துமா என்றால் மருந்துக்குப் பிறகு அந்த முதல் நொடி அளவு பெரும்பாலும் நன்றாக ஏறும். அம்மாவுக்கு 60 மில்லிதான் ஏறியது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: எஞ்சிய கொள்ளளவை ஸ்பைரோமீட்டர் காட்டாது. வெளியே வராத காற்றை ஊதிக் காட்ட முடியாதே. அதற்கு ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைக்கும் முறையும் மூடிய அறைக்குள் உட்கார வைத்து அளக்கும் முறையும் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. எங்களுக்கு எக்ஸ்ரேயே போதுமானதாக இருந்தது.

அந்த எக்ஸ்ரேயில் டாக்டர் விரலால் ஒரு கோட்டைக் காட்டினார், உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்க வேண்டிய தசை. அம்மாவுக்கு அது தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருந்தது. வீட்டுக்கு வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பள்ளி அலமாரியிலிருந்து நுரையீரல் மாடலை எடுத்தேன். அடியை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே பலூன், அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர் ஷீட். ஷீட்டைக் கீழே இழுத்தால் பாட்டிலுக்குள் இடம் கூடும், அழுத்தம் குறையும், வெளிக்காற்று தானாகப் பலூனுக்குள் போகும். விட்டால் ரப்பர் தானே மேலே வரும், பலூன் சுருங்கும். நாம் சும்மா இருக்கும்போது மூச்சு விடுவதற்கு எந்தத் தசையும் உழைப்பதில்லை. நுரையீரலின் மீள்தன்மையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதை நான் நூறு தடவையாவது நடத்தியிருப்பேன். அன்றைக்கு ஷீட்டைப் பாதி இழுத்த நிலையிலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டு, அங்கிருந்து மேலும் இழுத்துப் பார்த்தேன். பலூன் ஏற்கெனவே உப்பி நிற்கிறது. எவ்வளவு இழுத்தாலும் இம்மியளவுதான் அசைகிறது. கை வலித்தது. பத்து வினாடிகூட என்னால் தாங்க முடியவில்லை. படியில் அம்மா தோளைத் தூக்கி நின்றது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கீழே இழுக்க இடமில்லாத தசைக்குப் பதிலாகக் கழுத்துத் தசை விலா எலும்பைத் தூக்கிக்கொண்டிருந்தது.

சரி, காற்று ஏன் மாட்டிக்கொள்கிறது? நுரையீரலுக்குள் இருக்கும் சின்னக் குழாய்கள் தாமாகத் திறந்து நிற்பதில்லை. கூடாரத்தை நாலு பக்கமும் கயிறு இழுத்துப் பிடிக்கிற மாதிரி, சுற்றியிருக்கும் காற்றறைச் சுவர்கள்தான் அவற்றைத் திறந்து வைத்திருக்கின்றன. வருஷக்கணக்கில் புகை பட்டு அந்தச் சுவர்கள் அரித்துப்போனால் கயிறு அறுந்த கூடாரம்தான். அந்த நிலையில் முக்கி முக்கி ஊதினால் நெஞ்சின் அழுத்தமே குழாயை நசுக்கிவிடும். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு அடைக்கும். பலத்தால் தீராத பிரச்சினை இது, வழி வேறு.

அந்த வழியை டாக்டர் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். உதட்டைக் குவித்து, மெதுவாக, நீளமாக ஊதுவது. குவித்த உதட்டுக்குப் பின்னால் கொஞ்சம் அழுத்தம் தேங்கும். அது சின்னக் குழாய்களை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும், காற்று வடிய நேரம் கிடைக்கும். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுப்பது, குவித்த உதட்டால் நாலு எண்ணும் வரை விடுவது. மெழுகுவர்த்திச் சுடர் வளைய வேண்டும், ஆனால் அணையக் கூடாது. "இது ஊதாங்குழல் ஊதுறதுதானே" என்றாள் அம்மா. ஆமாம், அதே உதடுதான். ஆனால் கன்னத்தை உப்பி வேகமாக ஊதக் கூடாது, அந்தப் பழக்கத்தை விடத்தான் ஒரு வாரம் ஆனது. நம் பிராணாயாமக் கணக்கிலும் பூரகம், அதாவது இழுப்பது, 16 மாத்திரை நேரம் என்றால் ரேசகம், அதாவது விடுவது, 32. விடுவது இரண்டு மடங்கு. ஆனால் நடுவில் 64 மாத்திரை கும்பகம் என்று மூச்சை அடக்குவது இவர்களுக்கு வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேகமாக மூச்சு வாங்கினால் நல்லது என்ற எண்ணத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். ஒரு சாதாரண மூச்சு சுமார் 500 மில்லி. அதில் 150 மில்லி மூக்கிலிருந்து மூச்சுக்குழாய் வரைக்கும் வழியிலேயே நின்றுவிடும். காற்றறைக்குப் போவது 350. நிமிஷத்துக்கு 12 மூச்சு என்றால் 4,200 மில்லி. அதே 6 லிட்டர் காற்றை 24 குட்டி மூச்சாக, 250 மில்லி வீதம் இழுத்தால்? அப்போதும் ஒவ்வொன்றிலும் 150 வழியில் போய்விடும், மிச்சம் 100. மொத்தம் 2,400. உழைப்பு கூடுகிறது, பலன் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். அது மட்டுமல்ல, அவசரமாக இழுக்கும்போது முந்தின மூச்சு வடிவதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துவிடும். அணை இன்னும் ஏறும். அம்மாவுக்கு எண்கள் பிடிக்கவில்லை. டியூப் உதாரணம்தான் பிடித்தது. நீளமான டியூபில் சின்னச் சின்னதாகத் தண்ணீர் விட்டால் டியூபுதான் நனையும், செடிக்குப் போகாது.

படி ஏறும்போது இப்போது அவள் செய்வது இதுதான். நின்று மூக்கால் இழுப்பாள். காலைத் தூக்கி வைக்கும்போது உதட்டைக் குவித்து விடுவாள். பாரம் எடுக்கும்போதும் அப்படித்தான். ஏறும்போது பேச மாட்டாள், யார் கூப்பிட்டாலும் கைகாட்டிவிட்டு நிற்பாள். மூச்சு முட்டினால் படியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்வாள். கைக்கு ஊன்றுகோல் கிடைத்தால் தோள் தசை மூச்சுக்கு உதவ முடியும். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலைகள், துணி காயப்போடுவது, தலை வாருவது எல்லாம் அவளை ஏன் அத்தனை களைக்கவைத்தன என்பதும் இதனால்தான். கொடியை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டினோம். ராத்திரி வயிறு நிறையச் சாப்பிடுவதை நிறுத்தினாள். வயிறு நிறைந்தால் உதரவிதானத்துக்கு இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும்.

இன்ஹேலர் விஷயத்தில் நான் பார்த்த தப்புகளை மட்டும் சொல்கிறேன். பக்கத்து லயத்துப் பெரியவர் ஒருவர் பொடி மருந்துக் கேப்சூலை மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரைச் செய்து காட்டச் சொன்னதே இல்லை. பொடி மருந்தை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஸ்பிரே வகைக்கு நேர் எதிர்: குலுக்கி, முதலில் மூச்சை நன்றாக விட்டு, அழுத்திய கையோடு மெதுவாக ஆழமாக இழுத்து, முடிந்தால் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் ஸ்பேசர் என்ற குடுவை இருந்தால் வயதானவர்களுக்குச் சுலபம். ஸ்டீராய்டு கலந்த மருந்து என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை டாக்டரிடம் போகும்போதும் அவர் முன்னாலேயே ஒரு முறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, காரணமில்லாமல் தூங்கித் தூங்கி விழுந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. லயத்துச் சமையலறைக்கு ஜன்னல் பேருக்குத்தான். கவாத்துச் செய்த தேயிலைக் குச்சிதான் விறகு, பாதி ஈரம். விடியற்காலை நாலு மணிக்குப் பற்றவைத்தால் பெரட்டுக்கு, அதாவது எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வரை புகைதான். நாங்கள் மூன்று பிள்ளைகளும் அவள் இடுப்பிலும் மடியிலும் இருந்து அதைச் சுவாசித்தோம். சிகரெட் பிடிக்காதவர்களுக்கும் இந்த வியாதி வரும், நம் ஊர்ப் பெண்களுக்கு முக்கியமாக அடுப்புப் புகையால் வரும் என்று டாக்டர் சொன்னபோது அம்மா தலை குனிந்துகொண்டாள், ஏதோ தப்பு செய்தவளைப் போல. அவள் தப்பு எதுவும் அதில் இல்லை. காஸ் அடுப்பு வீட்டில் 2017-லிருந்தே இருந்தது. ஆனால் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று குளிக்க வெந்நீரும் கஞ்சியும் விறகில்தான். இப்போது விறகடுப்பை வீட்டுக்கு வெளியே, பின்சுவரை ஒட்டித் தகரம் போட்டு வைத்திருக்கிறோம். தம்பிதான் பற்றவைக்கிறான். அரித்துப்போன சுவர் திரும்பி வளராது. இருப்பது இன்னும் அரிக்காமல் பார்க்கலாம். கடைசியாக எடுத்த டெஸ்டில் முதல் நொடி 0.93. நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

கீழ் லயத்து அக்கா ஒருத்தி, 52 வயது, போன மாதம் அதே படியில் தோளைத் தூக்கி நின்றாள். பார்த்தது அம்மாதான். வரும் சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்குகிறோம். சமீபத்தில் கண் ஆபரேஷன் செய்திருந்தால் ஊதும் டெஸ்ட் உடனே கூடாது என்பதால் அதைக் கேட்டுக்கொண்டேன், செய்யவில்லையாம். அவளிடம் இருக்கும் இன்ஹேலர் பம்ப்பை அன்று காலையில் எடுக்கலாமா என்று டாக்டரிடம் போனில் கேட்டோம், வேண்டாம் என்றார். வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு வரச் சொல்லியிருக்கிறேன். எப்படி ஊத வேண்டும் என்று அம்மாவே திண்ணையில் உட்கார வைத்து இரண்டு நாளாகச் சொல்லிக்கொடுக்கிறாள். "நிறுத்தாத, நிறுத்தாத, இன்னும் இருக்கு, விடு" என்று அவள் கத்துவது மேல் ரோடு வரைக்கும் கேட்கிறது.